காரணத்திற்கு மதிப்பெண் உண்டா?

பருவத்தேர்வு முடிந்து விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு வரும் நாள்களில், பெற்றோர் முதலில் பார்ப்பது தாளின் முகப்பில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்ட எண்ணைத்தான். தமிழ்த் தாளைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் கட்டுரைக்கென்று தனியே ஓர் எண் இருக்கும். அந்த எண் எதற்காக இடப்பட்டது என்று வினவுவோர் மிகச் சிலரே. அழகிய கையெழுத்துக்கா? தொடக்கத்தில் எழுதப்பட்ட குறளுக்கா? அடிக்கோடிட்ட உட்தலைப்புகளுக்கா? அல்லது பிள்ளை தன் கருத்துக்குக் காட்டிய காரணத்திற்கா? இவ்வினாவை இங்கே எழுப்ப விழைகிறோம். நம் விடையையும் மறைக்காமல் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நம் பிள்ளைகள் எழுதும் வாதக் கட்டுரைகளில், காரணம் ஒன்றைத் தவிர ஏனைய எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. இதனை வெறும் தேர்வுக் குறைபாடு என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. இது பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

வாதக் கட்டுரை என்று நாம் குறிப்பிடுவது, இரு கருத்துகளுக்கு இடமுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்று காட்டி, மாற்றுக் கருத்துடையோருக்கும் விடை கூறும் கட்டுரையை. ‘அறிவியல் வளர்ச்சி ஆக்கத்திற்கா, அழிவிற்கா?’, ‘கைப்பேசி மாணவருக்குத் துணையா, தடையா?’, ‘நெகிழியை முற்றிலும் தவிர்க்க இயலுமா?’ என்றெல்லாம் கேட்கப்படும் வினாக்கள் இவ்வகையின. வினா இரு பக்கமும் திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பது வினாத்தாள் அச்சாகும் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது.

திருவள்ளூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை பரந்துகிடக்கும் இப்பகுதியை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் வளாகம். இரும்பு உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் முறைமாற்றிப் பணிசெய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆந்திர எல்லையை அடுத்த ஊர்களில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் குடும்பங்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ஒடிசாவிலிருந்து வந்து செங்கற்சூளைகளில் உழைப்போர். கிழக்கே பழவேற்காட்டு மீனவர். இத்தனை வகையான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அமரக்கூடிய பகுதி இது. எந்தப் பொருளுக்கும் இரு பக்கங்கள் உண்டு என்பதை இப்பிள்ளைகள் எந்தப் பாடநூலிலும் படித்து அறிய வேண்டியதில்லை. சோற்றோடு சேர்த்து அதை உண்டு வளர்கிறார்கள்.

இரண்டு கட்டுரைகள்

‘நம் ஊருக்குத் தொழிற்சாலை தேவையா?’ என்று ஏழாம் வகுப்பில் ஒரு கட்டுரை கேட்கப்படுவதாகக் கொள்வோம். இரு மாணவியர் எழுதுகின்றனர்.

முதலாமவள் ‘முன்னுரை’ என்று தலைப்பிட்டு ஒரு குறளை எழுதுகிறாள். பின்னர், ‘தொழில் வளம்’, ‘வேலைவாய்ப்பு’, ‘நாட்டு முன்னேற்றம்’, ‘முடிவுரை’ என்று வரிசையாக அடிக்கோடிட்ட தலைப்புகள். தொழில் வளமே நாட்டின் வளம் என்கிறாள். தொழிற்சாலைகளால் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழியும் என்கிறாள். எனவே தொழில் வளர்ப்போம், நாட்டை உயர்த்துவோம் என்று முடிக்கிறாள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. முத்துப் போன்ற கையெழுத்து. பக்கங்கள் மூன்று.

இரண்டாமவள் எழுதியது ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. தலைப்புகள் இல்லை. றகர ரகரம் இரண்டு மூன்று இடங்களில் மாறியிருக்கிறது. ஆனால் அவள் எழுதியிருப்பது இது: ‘தொழிற்சாலை வேண்டும். என் அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்த பிறகுதான் வீட்டுக் கடன் அடைந்தது. வேண்டாம் என்று எங்கள் பாட்டி சொல்கிறார். ஆடு மேய்க்க இடமில்லை என்பது அவர் குறை. அவர் சொல்வதும் உண்மைதான். முன்பு பத்து ஆடு இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் ஆடு இருந்தபோதும் கடன் இருந்தது. அதனால் தொழிற்சாலை வேண்டும், ஆனால் மேய்ச்சல் இடத்தில் கட்டக்கூடாது. அப்பாவை நிரந்தரமாக்க வேண்டும். இல்லையென்றால் கடன் மறுபடி வரும்.’

இவ்விரண்டு கட்டுரைகளுக்கும் நம் பள்ளிகளில் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். முதலாவது கட்டுரை வகுப்பில் உரக்க வாசிக்கப்படும். இரண்டாவது, ‘தலைப்புகள் எங்கே? எழுத்துப் பிழையைக் கவனி’ என்ற குறிப்போடு பாதி மதிப்பெண் பெற்றுத் திரும்பும்.

இப்போது இரண்டையும் காரண நோக்கில் நிறுத்துப் பாருங்கள். முதலாவது கட்டுரையில் காரணம் என்று ஒன்றுமேயில்லை. தொழிற்சாலை நல்லது என்பதையே நான்கு தலைப்புகளின்கீழ் நான்கு முறை கூறியிருக்கிறாள். மறுப்போர் உண்டு என்பதையே அக்கட்டுரை அறியாது. அதே சட்டகத்தில் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வேளாண்மை’ என்று வைத்தாலும் கட்டுரை குலையாமல் நிற்கும். இரண்டாமவளோ ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறாள்; தன் வீட்டிலிருந்தே சான்று தருகிறாள்; எதிர்க்கருத்தை அதற்குரியவரின் வாயாலேயே கூறவிடுகிறாள்; அதில் உள்ள உண்மையை ஏற்கிறாள்; ஏற்ற பின்னும் தன் முடிவு ஏன் நிற்கிறது என்று காட்டுகிறாள்; இறுதியில் அம்முடிவுக்கே இரு நிபந்தனைகளை விதிக்கிறாள். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை இதனைச் செய்யுமானால், ஆசிரியர் எழுந்து நின்று பாராட்ட வேண்டும். அவள் கையில் கிடைப்பதோ பாதி மதிப்பெண்.

முதலாமவள்மீது நமக்கு எந்தக் குறையுமில்லை. கேட்டதைக் கொடுத்தாள், பெற்றதைப் பெற்றாள். அவளும் ஏமாற்றப்பட்டவளே. சிந்திக்கத் தெரிந்த பிள்ளையிடம், சிந்திக்காமலேயே முழு மதிப்பெண் பெறலாம் என்று கற்பித்துவிட்டோமே, அந்த முறைமீதுதான் நம் வழக்கு.

மதிப்பிடுவோரின் கோல்

கட்டுரையை மதிப்பிடுவது எளிதன்று என்பதை நாம் மறுக்கவில்லை. உலகெங்கும் இதனை ஆராய்ந்தோர் திகைத்தே நின்றிருக்கின்றனர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். ஒரே தாளுக்கு நூற்றுக்கு முப்பதுக்கும் மேலான வேறுபாட்டில் மதிப்பெண்கள் வந்தன. 1961இல் டீடரிச் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 300 கட்டுரைகளை, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைந்த வெவ்வேறு தரங்களைப் பெறவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. அதாவது, ஒரே கட்டுரையை ஒருவர் முதல் தரம் என்றார். இன்னொருவர் கடைசித் தரம் என்றார்.

இதற்குக் காரணம் என்ன? ஆய்வாளர் கண்டது இது: ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் இலக்கணப் பிழையைப் பார்த்தார், ஒருவர் அமைப்பையும், ஒருவர் சொல்லாட்சியையும், ஒருவர் எழுத்தின் தனிச்சுவையையும் பார்த்தனர். ஒவ்வொருவரும் நேர்மையாகவே அளந்தனர். ஆனால் ஆளுக்கொரு பொருளை அளந்தனர். துணிக்கடையில் ஒருவர் நீளத்தையும் ஒருவர் எடையையும் ஒருவர் நிறத்தையும் பார்த்து விலை சொன்னால் வணிகம் நடக்குமா?

இச்சிக்கலுக்கு நம்மவர் கண்ட தீர்வு மாதிரி விடை. தலைப்புகள் இத்தனை, மேற்கோள்கள் இத்தனை, பக்கம் இவ்வளவு என்று வரையறுத்துவிட்டால் எல்லோரும் ஒரே மதிப்பெண் போடுவர் அல்லவா? போடுவர். ஆனால் எளிதில் எண்ணக்கூடியதையே எண்ணிவிட்டு, எண்ண வேண்டியதைக் கைவிட்டுவிட்டோம். வேறு நாடுகளில் இதே வழியை இறுதிவரை சென்று பார்த்திருக்கிறார்கள். 1966இலேயே எல்லிஸ் பேஜ் என்பவர் கணினியால் கட்டுரை திருத்தலாம் என்று எழுதினார். 1999இல் மேலாண்மைப் படிப்புக்கான அமெரிக்க நுழைவுத்தேர்வு ஒன்றில் அத்தகைய கணினி நிரல் பயன்படுத்தப்பட்டது. 2014இல் லெஸ் பெரல்மன் என்னும் ஆசிரியர் தம் மாணவர்களோடு சேர்ந்து, பொருளே இல்லாத நீண்ட சொற்றொடர்களைக் கோத்துத் தரும் நிரல் ஒன்றை ஆக்கி, அது கக்கிய கட்டுரைகளைத் திருத்தும் கணினிக்கு ஊட்டினார். உயர்ந்த மதிப்பெண்கள் கிடைத்தன! நீளமும் அருஞ்சொற்களும் இருந்தன. பொருள் மட்டுமே இல்லை. நம் மாதிரி விடை முறையில் ஆசிரியரையே அத்தகைய இயந்திரமாக்கி வைத்திருக்கிறோம். இன்றோ செயற்கை நுண்ணறிவு வந்து, முன்னுரையும் முடிவுரையும் மேற்கோளும் கொண்ட கட்டுரையை நொடியில் எழுதித் தருகிறது. பிள்ளை மனனம் செய்து பெற்ற அலங்காரம் இனி விலைபோகாது. அந்தப் பாட்டியின் ஆட்டைப் பற்றி எழுத அந்தப் பிள்ளையால் மட்டுமே இயலும்.

நம் முன்னோர் வைத்த அளவை

காரணத்தை அளப்பது மேனாட்டுச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டா. பட்டிமண்டபம் என்னும் சொல்லையே நமக்கு விட்டுச்சென்ற காப்பியங்களுள் ஒன்று மணிமேகலை. அதன் தலைவி வஞ்சி நகரில் பல்வேறு சமயத்தாரிடமும் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். கேட்ட பின்னரே தன் வழியைத் தேர்கிறாள். பின்னர் அறவண அடிகள் அவளுக்கு அளவையியலைக் கற்பிக்கிறார். நிறுவ வேண்டியது பக்கம். அதற்குக் காரணம் ஏது. எல்லோரும் ஒப்பும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை காணப்படுவது ஏது, அடுக்களை திட்டாந்தம். ஆலைப் புகைபோக்கிகளைப் பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைக்கு இதனைக் கற்பிக்க எவ்வளவு நேரமாகும்? ஏதுப் போலி, அதாவது காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவை யாவை என்றும் அக்காப்பியம் வகைப்படுத்திக் கூறுகிறது. பிள்ளைகள் அக்காப்பியத்தின் பெயரை அறிவர். ஆசிரியர் பெயரையும் அறிவர். ஆனால் அதில் உள்ள கருவியைத் தொட்டறியாமலேயே பள்ளிப் படிப்பை முடிக்கின்றனர்.

பவணந்தி முனிவரின் நன்னூலும் அவ்வாறே. கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலான பத்துக் குற்றங்களை அது பட்டியலிடுகிறது. நாம் கண்ட முதல் கட்டுரையில் கூறியது கூறல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எவர் மதிப்பெண் குறைத்தார்? ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எவ்வெவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதையும் எழுவகை மதம் என்று நன்னூல் வகுத்துரைக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின்னர்க் களையலாம், மாறுபட்ட இருவருள் ஒருவர் பக்கம் துணியலாம். பாட்டி சொல்வது உண்மைதான் என்று ஏற்றுப் பின் தன் முடிவை நிறுவிய அந்தச் சிறுமி, படித்தறியாமலேயே நன்னூலார் நெறியில் நிற்கிறாள்.

குருமடத்தில் இறையியல் பயின்றோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். புனித தோமா அக்குவினா தம் இறையியல் பெருநூலில் எந்த வினாவை எடுத்தாலும், தமக்கு எதிரான வாதங்களையே முதலில் வைக்கிறார். அவற்றை வலுவிழக்கச் செய்து வைக்காமல், எதிரியே வைத்திருந்தால் எப்படி வைப்பாரோ அப்படி வைக்கிறார். பின்னரே தம் விடை. அதன்பின் ஒவ்வொரு எதிர்வாதத்திற்கும் தனித்தனி மறுமொழி. கடவுள் உண்டா என்னும் வினாவுக்கே எதிர்வாதத்தை முதலில் கேட்க அஞ்சாதவர் அவர். கைப்பேசி பற்றிய கட்டுரையில் நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

நம்மிடம் கூறப்படும் தடைகள்

முதல் தடை: ‘எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் இருக்கும்போது, வாதமும் எதிர்வாதமும் எதற்கு?’ இதனைக் கூறுவோர் பெரும்பாலும் உழைக்கும் ஆசிரியர்களே. ஆதலின் மதிப்போடு விடை கூறுகிறோம். எழுத்தறிவு வேண்டும், அதில் இரு கருத்தில்லை. ஆனால் எழுத்து வந்த பின்னரே சிந்தனை வரும் என்று எவர் சொன்னது? இதே பிள்ளைகள் திடலில் பந்தாட்டத்தின்போது, ஆட்டமிழந்தாரா இல்லையா என்று எத்தனை நுட்பமாக வழக்காடுகிறார்கள்! வாயில் இருக்கும் காரணத்தைத் தாளுக்குக் கொண்டுவரும் ஆவல் வந்தால், எழுத்தும் அதைத் தொடர்ந்து வரும். சொல்ல ஒன்றும் இல்லாதவனுக்கு எழுத்துப் பிழையைத் திருத்துவதில் என்ன அக்கறை இருக்க முடியும்? வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் பிள்ளைக்கும், முகாமில் ஈழத்துச் சொற்களோடு வளரும் பிள்ளைக்கும், மொழிப் பிழைக்கு மட்டுமே மதிப்பெண் குறைக்கும் முறை இரட்டைத் தண்டனையாகிறது. காரணத்திற்கென்று தனி மதிப்பெண் ஒதுக்கினால், அப்பிள்ளைகள் முதன்முறையாகச் சமநிலத்தில் நிற்பர்.

இரண்டாம் தடை: ‘மாதிரி விடைதான் ஏழைப் பிள்ளைக்கு நியாயம். படிக்காத பெற்றோரின் பிள்ளை மனனம் செய்தாவது மதிப்பெண் பெறட்டும்.’ இரக்கம் போலத் தோன்றும் இவ்வாதம் நமக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது. வழிகாட்டி நூல் வாங்கப் பணமும், தனிப்பயிற்சிக்கு அனுப்ப வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளையே மனனப் போட்டியில் என்றும் முந்துவான். ஒப்பந்தத் தொழிலாளியின் மகளிடம் இல்லாதது அலங்காரச் சொல். அவளிடம் நிறைந்திருப்பது வாழ்ந்தறிந்த சான்று. அவளிடம் இல்லாததற்கு மதிப்பெண் கொடுத்து, இருப்பதற்குச் சுழியம் இட்டுவிட்டு, இது ஏழைக்காக என்று கூறலாமா?

மூன்றாம் தடை சற்றுத் தயங்கியே கூறப்படுகிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஆழமானது இதுவே. ‘பிள்ளைகளுக்கு வாதிடக் கற்பித்தால் எதிர்த்துப் பேசுவார்கள். பெரியோர் சொல் கேளார். நாளை மறைக்கல்வி வகுப்பிலும் ஏன் என்று கேட்பார்கள்.’ கேட்கட்டுமே! எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும் அவர்களிடம் வினாத் தொடுத்தும் இருந்த சிறுவனுக்கு வயது பன்னிரண்டு என்று லூக்கா எழுதுகிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வயது! அங்கிருந்தோர் அச்சிறுவனின் அறிவையும் மறுமொழிகளையும் கண்டு வியந்தனரேயன்றி, வாயை மூடு என்று அதட்டவில்லை. அதே பகுதியின் முடிவில், அவர் பெற்றோருக்குப் பணிந்து நடந்தார் என்றும் கூறப்படுகிறது. கேள்வியும் பணிவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடக்கமின்மைக்கு வேர் வேறு. எதிர்க்கருத்தைக் கேட்டுப் பழகாத வாயே கூச்சலிடுகிறது. தன் கட்டுரையில் மாற்றாரின் காரணத்தை நேர்மையாக எழுதிப் பழகிய பிள்ளை, வீட்டிலும் தெருவிலும் பிறர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருப்பான்.

நான்காம் தடை: ‘ஆசிரியருக்கு நேரமில்லை.’ கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. 35 கட்டுரைகளை ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடமெனப் படித்தால் மூன்றரை மணி நேரம். இரு பிரிவுகள் என்றால் ஏழு மணி நேரம். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பருவத்திற்கு ஒரு கட்டுரையை இவ்வாறு படித்தால் போதும். மற்றவற்றைப் பிள்ளைகள் தம்முள் மாற்றிக்கொண்டு, ‘இவன் சொன்ன காரணம் எது? இவன் பதில் சொல்லாத கேள்வி எது?’ என்று இரண்டு வரி எழுதட்டும். ஆசிரியரின் நேரத்தைப் பதிவேடுகளும் படிவங்களும் எவ்வளவு தின்கின்றன என்பதை நாம் அறிவோம். அவற்றைக் குறைக்கச் சொல்லி ஆசிரியரோடு சேர்ந்து குரல் கொடுப்போம். பிள்ளையின் காரணத்தைப் படிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டா.

சட்டம் கூறுவதும் தேர்வு அளப்பதும்

சட்டம் இவ்வகையில் பள்ளிகளைவிட முந்திச் சென்றிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளையை அச்சமின்றித் தன் கருத்தை வெளியிடச் செய்வதும், அறிந்ததைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தொடர்ந்து மதிப்பிடுவதும் கல்வியின் கடமைகள் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பகுப்பும் வந்தன. அந்த நாற்பதில் வாதம் தழைத்திருக்கலாம். ஆனால் படம் வெட்டி ஒட்டுவதும், இணையத்தில் கிடைத்ததைப் படியெடுப்பதுமாகவே அது பல இடங்களில் கழிந்தது.

2019 செப்டம்பரில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசு ஆணையிட்டது. கடும் எதிர்ப்பின்பின் 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று ஊரெல்லாம் பேசினோம். எதை அளக்கும் தேர்வு என்று பேசியவர் சிலரே. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தது வட்டத்தைக் கருமையாக்கும் வேலை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித்தொகைத் தேர்வும் அவ்வாறே. 90 வினாக்கள் கொண்ட இரு தாள்கள், நான்கில் ஒன்றைத் தெரிவு செய்தல். ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஏழைப் பிள்ளைக்குப் பேருதவி. அத்தேர்வுக்குப் பயிற்றுவிக்கும் ஆசிரியரைப் பாராட்டுகிறோம். ஆயினும் வட்டங்களால் வாதத்தை அளக்க முடியாது. ஆதலின் அதை அளக்கும் பொறுப்பு வகுப்பறையில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அங்கும் கைவிடப்பட்டால் வேறு புகலில்லை.

நம் சிறுபான்மைப் பள்ளிகளின் நிர்வாகத்தாருக்கும் ஒரு சொல். 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கித் தீர்ப்பளித்தது. அந்த விலக்கு நம் உரிமையைக் காக்கவே வழங்கப்பட்டது. பிள்ளையின் குரலைக் கேளாதிருக்க வழங்கப்பட்டதன்று. நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டும் தாளாளர்கள், தம் பள்ளிப் பிள்ளை காரணத்தோடு ஒரு பக்கம் எழுதுவாளா என்று ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும்.

வரவிருக்கும் உண்மைத் தேர்வு

இதனை இத்துணை அழுத்திக் கூறுவதற்கு இப்பகுதிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. இங்கே வாழும் பிள்ளைகள் நாளை எழுதப்போகும் உண்மைத் தேர்வு வேறோர் இடத்தில் நடக்கிறது.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு முன்னர் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய அலுவலரோ தலைமை தாங்குவர். எவரும் எழுந்து வினவலாம். முடிவில் நடவடிக்கைச் சுருக்கம் மக்களின் மொழியில் வாசிக்கப்பட வேண்டும். மக்கள் எழுப்பிய ஐயங்களும் அவற்றுக்கு நிறுவனத்தாரின் மறுமொழிகளும் பதிவாக வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கு 2021 ஜனவரி 22 அன்று இத்தகைய கூட்டம் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று நடப்பதாக இருந்ததும் நடைபெறவில்லை. அத்தகைய மேடையில் ‘வாழ்க’ என்றோ ‘ஒழிக’ என்றோ முழங்கினால் பதிவேட்டில் ஒரு வரியே ஏறும். இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன இழப்பு. அறிக்கையின் இன்ன கூற்று இதனால் பொருந்தாது என்று பேசினால், அதற்கு மறுமொழி கூறியாக வேண்டும். ஆதரித்துப் பேசுவோர்க்கும் இதே விதி.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்கண்டிகையை எண்ணிப் பாருங்கள். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊரார் நம்பியிருந்த நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. மிஷலின் டயர் ஆலை வந்தது. ஊரார் போராடினர்; நீதிமன்றம் சென்றனர். 2012இல் அவர்களுடைய சங்கம், பிரான்சுக் கத்தோலிக்கரின் வளர்ச்சிப் பணி அமைப்பு ஒன்று உள்ளிட்ட குழுக்களோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கவனிக்கும் பிரெஞ்சு அலுவலகத்தில் எழுத்து வழியாக முறையிட்டது. அம்முறையீட்டில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நம் பொருளன்று. தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர், கடல் கடந்த மேசையின்மீது காரணங்களை எழுதி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நாம் சுட்டுவது. அவ்வூருக்கு அருகிலேயே, 2020 நவம்பரில் சென்னைக் குடிநீருக்கென ஒரு நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. ஆலைக்கு நிலம், நகருக்கு நீர், ஊருக்கு மேய்ச்சல். இவற்றுள் எதற்கு முதலிடம் என்று நாளை முடிவு கூற வேண்டியவர்கள் இன்று ஏழாம் வகுப்பில் அமர்ந்து, ‘முன்னுரை’ என்று எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையிலும் அவர்களே நாளை எழுந்து பேச வேண்டும்.

என் செய்யலாம்?

குறை கூறி முடிப்பது நம் நோக்கமன்று. பத்து மதிப்பெண் கட்டுரை என்றால் இவ்வாறு பிரிக்கலாம். நிலைப்பாடு தெளிவாக இருப்பதற்கு ஒன்று. காரணங்களுக்கு மூன்று, ஒரே காரணத்தை வேறு சொல்லில் கூறினால் ஒரு முறையே கணக்கு. கண்டதோ கேட்டதோ படித்ததோ ஆகிய சான்றுக்கு இரண்டு. எதிர்க்கருத்தை நேர்மையாகக் கூறி விடையளிப்பதற்கு இரண்டு. அமைப்புக்கும் மொழிக்கும் சேர்த்து இரண்டு. இதன்படி திருத்தினால், நாம் கண்ட முதல் கட்டுரை நான்கைத் தாண்டாது. இரண்டாவது எட்டுக்குக் குறையாது. எந்தப் பக்கம் நின்றாள் என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும். ஆசிரியர் தாம் ஏற்காத கருத்துக்கு முழு மதிப்பெண் வழங்கும் நாளில்தான் அம்முறை வேரூன்றியது என்று கொள்ளலாம்.

ஆண்டில் ஒரு முறையேனும் ஒரு பள்ளியின் கட்டுரைகளைப் பெயர் மறைத்து அடுத்த பள்ளி ஆசிரியர் திருத்தட்டும். இருவர் மதிப்பெண்ணும் வெகுவாக வேறுபட்டால், அமர்ந்து பேசட்டும். அப்பேச்சே ஆசிரியருக்குப் பயிற்சி. திருத்திய கட்டுரையைப் பிள்ளை ஒரு முறை மீண்டும் எழுதட்டும். ‘இக்காரணம் போதவில்லை, ஏன்?’ என்று ஓரத்தில் எழுதப்படும் ஒரு வரி, சிவப்பு வட்டத்தைக் காட்டிலும் நெடுங்காலம் பிள்ளையின் நெஞ்சில் நிற்கும்.

பெற்றோரே, அடுத்த பருவத்தில் விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது, எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், கட்டுரையை உங்கள் பிள்ளையைக் கொண்டே வாசிக்கச் செய்யுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாமன்றோ? கேட்டு முடித்ததும், ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்? வேண்டாம் என்பவர் என்ன சொல்வார்?’ என்று இரண்டே வினாக்கள் கேளுங்கள். பிள்ளை விடை கூறத் தொடங்கினால், குறுக்கிடாமல் இறுதிவரை கேளுங்கள். பின்னர்ப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, இந்த விடைக்கு உங்கள் பள்ளியில் மதிப்பெண் உண்டா என்று ஆசிரியரிடம் பணிவோடு வினவுங்கள். பலர் கேட்டால் பள்ளி மாறும்.